ஊட்டிக் குளிரில் இரண்டு மாதம் நிற்கப்போகும் வண்டி: பேட்டரியை என்ன செய்வது?

தம்பி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊட்டி பக்கம் விடுதிப் பள்ளியில் ஆசிரியர். டிசம்பர் முதல் வாரம் பள்ளி மூடினால் மதுரைக்குப் போய்விட்டு பிப்ரவரி தொடக்கத்தில்தான் திரும்புவீர்கள். 350 சிசி வண்டி, 8 ஏ.எச். பேட்டரி (ஏ.எச். என்பது ஆம்பியர்-அவர், பேட்டரி எவ்வளவு கரண்டைத் தேக்கிவைக்கும் என்ற அளவு), கிக்கர் கிடையாது. குவார்ட்டர்ஸ் பின்னால் தகர ஷெட்டில் நிற்கும். போன வருடம் திரும்பி வந்து சாவி போட்டால் மீட்டர் விளக்குகூட எரியவில்லை. கடைசியில் புதுப் பேட்டரி வாங்க வேண்டியதாகிவிட்டது. இந்த முறை மூன்று யோசனை வைத்திருக்கிறீர்கள். வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்து வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் ஓடவிடச் சொல்வது. பேட்டரியைக் கழற்றி, குளிர் இல்லாத மதுரைக்கே கையோடு கொண்டுபோவது. அதுவும் சரிவராது என்றால் சார்ஜர் வாங்கி இரண்டு மாதமும் மாட்டியே வைப்பது.

என்னைக் கேட்டால் மூன்றும் வேண்டாம். கிளம்புவதற்கு முன்னால் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுப் போங்கள். பிப்ரவரியில் வந்து மாட்டினால் வண்டி கிளம்பும். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் கோத்தகிரி பக்கம் தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். இருபத்தைந்து வருடத்தில் வண்டி பேட்டரியைவிட ஜெனரேட்டர் பேட்டரியோடுதான் அதிகம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதுவும் இதே பிரச்சினைதான். மாதக்கணக்கில் சும்மா நிற்கும், ஆனால் மழை இரவில் மரம் விழுந்து கரண்ட் போன அந்த நிமிடத்தில் கிளம்பியாக வேண்டும். ஒருமுறை கிளம்பவில்லை. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருந்த சார்ஜரின் ஃபியூஸ் எப்போதோ போயிருந்தது. விளக்கு எரிகிறதா என்று யாரும், நான் உட்பட, பார்க்கவில்லை. ட்ரையரில் பாதியில் நின்ற தூள் எல்லாம் வீண். அன்றிலிருந்து பேட்டரி விஷயத்தில் 'இருக்கும், ஓடும்' என்ற பேச்சையே விட்டுவிட்டேன். மீட்டர் வைத்துப் பார்த்ததை மட்டும்தான் நம்புவது.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். கேள்வியின் கடைசி வரியில், போகிற போக்கில், 'ஜி.பி.எஸ். டிராக்கர் மாட்டியிருக்கிறேன், அதனால் திருட்டுப் பயம் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். திருடன் அவன்தான்.

கணக்குப் பாருங்கள். வெளியே வாங்கி மாட்டும் டிராக்கர் சாவியை எடுத்த பிறகும் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். சிலது இதைவிடக் குறைவு, சிலது கூட. 20 மில்லி ஆம்பியர் இருபத்து நாலு மணி நேரத்துக்கு 0.48 ஏ.எச். உங்கள் பேட்டரி 8 ஏ.எச். பதினாறு, பதினேழு நாளில் சுத்தமாகக் காலி. டிசம்பர் 5-ஆம் தேதி நீங்கள் பஸ் ஏறியிருந்தால், கிறிஸ்துமஸ் கேக் வெட்டுவதற்கு முன்பே கதை முடிந்திருக்கும். அதற்குப் பிறகு ஐந்தாறு வாரம் பேட்டரி காலியாகவே கிடந்திருக்கிறது. அது கெட்டது அந்த ஐந்தாறு வாரத்தில்தான்.

டிராக்கர் இல்லாத வண்டியிலும் கசிவு உண்டு. மீட்டரில் கடிகாரம், சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர், என்ஜினை ஆளும் கணினிப் பெட்டியான ஈ.சி.யு.வின் நினைவு என்று ஏதாவது ஒன்று விழித்துக்கொண்டே இருக்கும். வெறும் 2 மில்லி ஆம்பியர் என்றாலும் அறுபது நாளில் கிட்டத்தட்ட 2.9 ஏ.எச். போய்விடும், அதாவது உங்கள் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பழைய புல்லட்டுகளில் இப்படி விழித்திருக்கும் சாமான் இல்லை. அதனால்தான் 'எங்க அப்பா வண்டி ஆறு மாசம் நின்னாலும் கிளம்பும்' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. வண்டி மாறிவிட்டது, அவ்வளவுதான்.

காலியாகக் கிடந்தால் ஏன் கெடுகிறது? 1859-இல் பிரான்சில் கஸ்தோன் பிளாந்தே செய்த ஈய பேட்டரிதான் இன்றைக்கும் உங்கள் சீட்டுக்கடியில் இருக்கிறது; அடிப்படை வேதியியல் மாறவில்லை. ஈயத் தகடு, ஈய ஆக்சைடு தகடு, நடுவில் கந்தக அமிலம். கரண்ட் எடுக்க எடுக்க இரண்டு தகட்டின் மேலும் ஈய சல்பேட் படியும், அமிலம் நீர்த்துக்கொண்டே வரும். உடனே சார்ஜ் ஏற்றினால் அந்தப் படிவு கரைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஏற்றாமல் வாரக்கணக்கில் விட்டால் சின்னச் சின்னத் துகளாக இருந்தது பெரிய படிகமாக இறுகிப்போகும். சர்க்கரைப் பாகு ஆறிக் கட்டிதட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அந்த மாதிரி. அதன் பிறகு எந்தச் சார்ஜர் போட்டாலும் முழுதாகக் கரையாது. கடைக்காரர் 'செல் டெட்' என்று கையை விரிப்பது பெரும்பாலும் இதைத்தான்.

இந்த விவகாரத்தில் குளிருக்கு என்ன பங்கு? ஊட்டியில் எல்லாருமே குளிர்மேல்தான் பழியைப் போடுவார்கள். காந்தல், தலைகுந்தா பக்கம் ஜனவரி விடிகாலையில் புல்வெளி உப்புக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடக்கும். வெளியில் நின்ற ஸ்கூட்டர் சீட்டில் படிந்த உறைபனியை ஏ.டி.எம். கார்டால் சுரண்டுவார்கள். சுரண்டிவிட்டு செல்ஃபை அமுக்கினால் 'நொய்ங்' என்று இழுக்கும், கிளம்பாது. பழி குளிருக்கு. உண்மையில் அந்த நேரத்தில் நடப்பது வேறு. பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் பேட்டரியால் கொடுக்க முடிகிற பலம் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். என்ஜின் ஆயிலும் தேன் மாதிரி கெட்டியாகி, சுற்றுவதற்கு அதிக பலம் கேட்கும். வரவு குறைவு, செலவு கூட. ஒன்பது மணி வெயில் பட்டதும் அதே பேட்டரி அதே வண்டியைக் கிளப்பிவிடும். குளிர் அதைக் கெடுக்கவில்லை, ஏற்கனவே அரைகுறையாக இருந்ததைக் காட்டிக்கொடுத்தது.

சும்மா நிற்கும் பேட்டரிக்கோ குளிர் நல்லதே செய்கிறது. எதையும் இணைக்காமல் வைத்தாலும் எந்தப் பேட்டரியும் தனக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அந்த வேகம் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் சுமார் இரண்டு மடங்காகும். சமவெளிச் சூட்டில் மாதம் ஐந்து சதவிகிதம் இழக்கும் பேட்டரி, ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் அதில் பாதிகூட இழக்காது. அதனால்தான் உங்கள் மதுரை யோசனையைப் படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இயற்கையே உங்களுக்கு இலவசமாகக் குளிர்பெட்டி கொடுத்திருக்கிறது. அதிலிருந்து எடுத்து வெயிலில் வைக்கப் பார்க்கிறீர்கள். இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் ஆசிட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவு இறங்குவதும் நல்ல யோசனை இல்லை. அங்கே போய் ஒழுங்காகச் சார்ஜ் ஏற்ற வசதி இருந்தால் வேறு விஷயம்.

'உறைந்து வெடித்துவிடாதா?' என்று அடுத்து யாராவது கேட்பார்கள். முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரியின் அமிலம் உறைய மைனஸ் 60 டிகிரிக்கும் கீழே போக வேண்டும். சுத்தமாகக் காலியானதில் அமிலம் நீர்த்துப்போயிருப்பதால் மைனஸ் ஏழு, எட்டு டிகிரி வாக்கிலேயே உறையத் தொடங்கும். அவலாஞ்சியிலும் தலைகுந்தாவிலும் கடுங்குளிர் நாளில் பூஜ்ஜியத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே போகும். லடாக்கில் வண்டியை விட்டு வருகிறவர்களுக்கு அந்தக் கவலை, நமக்கு இல்லை.

இனி வாட்ச்மேன் யோசனை. மலையில் பாதிப்பேர் செய்வது இதைத்தான், நானும் பல வருடம் செய்தேன். மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூரில் இரண்டு மாதம் தங்க வேண்டிவந்தபோது, 'தினமும் காலையில ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுடா' என்று தங்கை மகனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன். பையன் ஒரு நாள் தவறாமல் செய்தான். மூன்றாவது வாரம் போன்: 'மாமா, வண்டி எடுக்க மாட்டேங்குது.' எனக்கு நம்பிக்கையே வரவில்லை. ஊர் திரும்பியதும் மீட்டரை எடுத்துவைத்து அளந்தேன். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் திருகாமல் சும்மா ஓடவிட்டு, ஹெட்லைட் எரிகிற நிலையில், பேட்டரி முனையில் 12.7 வோல்ட். ஈய பேட்டரி ஒழுங்காகச் சார்ஜ் ஏற வேண்டுமானால் 14 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வேண்டும். ஆக்சிலரேட்டரைத் திருகி நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குக் கொண்டுபோனால் 14.1 வந்தது. ஐந்து நிமிட ஐடிலிங்கில் என் பேட்டரிக்கு உள்ளே போனது ஒன்றுமே இல்லை. தினம் தினம் செல்ஃப் அமுக்கியதில் வெளியே போனதுதான் மிச்சம்.

2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இது இன்னும் மோசம். என்ஜின் ஓடினால் ஹெட்லைட் தானே எரியும், அணைக்க சுவிட்ச் கிடையாது. 55 வாட் பல்பு மட்டுமே நாலரை ஆம்பியர் இழுக்கும். அதற்கு மேல் பெட்ரோல் பம்ப், இக்னிஷன், பின்விளக்கு. ஐடிலிங்கில், என்ஜினோடு சேர்ந்து கரண்ட் தயாரிக்கும் காயில் தருவது இவற்றுக்கே சரியாகப் போய்விடும். எல்.இ.டி. விளக்கு வண்டிக்குக் கொஞ்சம் பரவாயில்லை.

பேட்டரியைவிட என்ஜினுக்கு அதிகக் கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. குளிர்காலையில் சைலன்ஸர் வாயிலிருந்து வெள்ளையாகப் புகைந்து, சொட்டுச் சொட்டாக வடியுமே, அது இந்தத் தண்ணீர்தான். அரை மணி நேரம் ஓட்டினால் எல்லாம் சூடேறிக் காய்ந்துவிடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் சைலன்ஸருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தங்கிவிடும். ஆயில் மூடியைத் திறந்து பார்த்தால் உள்பக்கம் வெண்ணெய் தடவினாற்போல் பசை பிடித்திருக்கும். அதனால் வாட்ச்மேனுக்கு வேறு ஏதாவது வேலை கொடுங்கள், சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஓடவிட்டு அந்த மனிதர் பக்கத்தில் நிற்பதும் ஆபத்து.

மூன்றாவது, சார்ஜரை மாட்டியே வைப்பது. இதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஜெனரேட்டர் பேட்டரி அப்படித்தான் வாழ்கிறது. நல்ல தானியங்கிச் சார்ஜர் முதலில் 14.4 வோல்ட் வரை கொண்டுபோய், நிறைந்ததும் தானே 13.5 வாக்கில் இறங்கி, கசிவை மட்டும் ஈடுகட்டிக்கொண்டிருக்கும். பெயர் என்னவாக இருந்தாலும், 'நிறைந்ததும் தானாக இறங்குமா?' என்று கேட்டு வாங்குங்கள். பழைய மாதிரி மலிவுச் சார்ஜர்கள் இறங்காது. விடாமல் தள்ளிக்கொண்டே இருந்து, உள்ளே இருக்கும் தண்ணீரை வற்றவைத்துவிடும். ஆனால் உங்கள் நிலைமையில் எனக்குப் பிடிக்காதது வேறு. ஆளில்லாத தகர ஷெட், எக்ஸ்டென்ஷன் வயர், பனியில் நனையும் பிளக், எப்போது போய் எப்போது வரும் என்று தெரியாத கரண்ட். சில சார்ஜர்கள் கரண்ட் போய் வந்தால் மறுபடி பட்டனை அமுக்கினால்தான் வேலையைத் தொடங்கும். அமுக்க யார் இருக்கிறார்கள்? இரண்டு மாதத்துக்கு இந்தத் தொல்லை தேவையில்லை. வண்டி ஆறு மாதம் நிற்கப்போகிறது, வீட்டில் ஆளும் இருக்கிறார்கள் என்றால் தாராளமாக மாட்டுங்கள்.

ஷெட்டில் கரண்டே இல்லாதவர்கள் 5 வாட், 10 வாட் சோலார் பலகை வைக்கிறார்கள். பேட்டரிக்குள் கரண்டை அளவோடு விடும் கன்ட்ரோலரோடு வாங்கினால் வேலை செய்யும். உறைபனி விழும் நாட்களில் வானம் சுத்தமாக இருக்கும், வெயிலுக்குக் குறைவில்லை. குன்னூர், கோத்தகிரி பக்கம் நவம்பர், டிசம்பர் மேகமூட்டத்தில் அவ்வளவாக எதிர்பார்க்காதீர்கள். குரங்கு கைக்கு எட்டாத இடமாகவும் பார்க்க வேண்டும்.

இப்போது நான் சொன்ன வழிக்கு வருகிறேன். கையில் மல்டிமீட்டர் இல்லை என்றால் முதலில் அதை வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். மதுரைக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு, காலையில் சாவி போடாமல் பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். 12.7-க்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0-க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். 12 வோல்ட் பேட்டரிதானே, 12 காட்டினால் சரிதானே என்று நினைக்கிறவர்கள் ஏராளம், அங்கேதான் ஏமாறுகிறார்கள். ஊட்டிக்குள்ளேயே சேரிங்கிராஸ், மார்க்கெட், பள்ளி என்று சுற்றுகிற வண்டி பெரும்பாலும் 12.3, 12.4-இல்தான் இருக்கும். தூரம் குறைவு, வேகம் குறைவு, நிற்கிற இடமெல்லாம் செல்ஃப். அந்த நிலையிலேயே ஷெட்டில் விட்டால் பாதி தோற்றாற்போல்தான்.

அடுத்து, 3,000 சுற்றில் வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 13.5-ஐத் தாண்டவே இல்லை என்றால் காயில் தரும் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்தும் ரெக்டிஃபையரோ, காயிலோ பழுது. 15-ஐத் தாண்டினாலும் ரெக்டிஃபையர்தான். அதைச் சரிசெய்யாமல் எத்தனை பேட்டரி மாற்றினாலும் காசுக்குக் கேடு.

சார்ஜ் ஏற்றுவது. பேட்டரியின் ஏ.எச். அளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர், இதுதான் பழைய மெக்கானிக்குகள் காலத்திலிருந்து உள்ள கணக்கு. உங்களுக்கு 0.8 ஆம்பியர். ஒரு ஆம்பியர் பைக் சார்ஜர் சரியாக இருக்கும்; காலையில் மாட்டினால் சாயங்காலம் முடிந்துவிடும். கார் சார்ஜர் எதுவும் வேண்டாம். அவசரத்தில் ஒரு தடவை 5 ஏ.எச். பேட்டரிக்கு 10 ஆம்பியர் சார்ஜரை மாட்டிவிட்டுத் தூங்கப்போனேன். விடிகாலையில் அறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம், பேட்டரி பக்கவாட்டில் பூரி மாதிரி உப்பியிருந்தது. கடையில் கொடுத்து ஏற்றுவதானால் 'ஸ்லோ சார்ஜ்' என்று அழுத்திச் சொல்லுங்கள். லாரி பேட்டரிக்கும் ஆட்டோ பேட்டரிக்கும் நடுவில் வரிசையில் கோத்துவிட்டால் உங்கள் குட்டி பேட்டரியும் லாரிக்குப் போகிற ஆம்பியரைத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

நீலகிரிக்கு என்று ஒரு விஷயம்: முடிந்தவரை பகலில், வீட்டுக்குள் வைத்து ஏற்றுங்கள். பேட்டரி குளிர்ந்திருந்தால் நிறைவதற்குக் கூடுதல் வோல்ட் கேட்கும். 25 டிகிரிக்கு 14.4 என்றால் 10 டிகிரிக்கு 14.7 வாக்கில் வேண்டும். சாதாரணச் சார்ஜருக்கு இது தெரியாது. ராத்திரி ஷெட் குளிரில் 'நிறைந்துவிட்டது' என்று பச்சை விளக்கைக் காட்டிவிடும், உள்ளே கொஞ்சம் குறையாகவே இருக்கும். ஆனால் வீட்டுக்குள் என்றதும் குளிர்காயக் கரி மூட்டிய அறையில் வைத்துவிடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவிகிதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். மூடிய அறையில் கரி மூட்டிப் படுத்து மூச்சுத்திணறி இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் மலையில் நாம் படிக்காதவை இல்லை; அதனால் பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

சார்ஜரும் இல்லை, கடையும் தோது இல்லை என்றால் கிளம்புவதற்கு முந்தின நாள் கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் வரை ஒரு நடை போய்விட்டு வாருங்கள். இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல் இரண்டாவது கியரில் இறங்கினால், போலீஸ் சொல்வதும் அதுதான், என்ஜின் நல்ல சுற்றில் இருக்கும், பேட்டரியும் ஏறும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்துவிட்டு உருட்டுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரேக்கும் சூடாகும், சாவி ஆனில் இருப்பதால் பேட்டரியும் இறங்கும். ஓட்டி ஏற்றுவதில் தொண்ணூறு சதவிகிதம் வரை வந்துவிடும். கடைசிப் பத்துக்குத்தான் மணிக்கணக்கு பிடிக்கும். அதனால்தான் சார்ஜரை முதலில் சொன்னேன்.

ஏற்றி முடித்து ஒரு ராத்திரி விட்டு மறுபடி அளந்து பாருங்கள். சார்ஜரைக் கழற்றிய உடனே 13-க்கு மேல் காட்டுவது வெறும் மேற்பூச்சு. மறுநாள் காலை 12.7-க்கு மேல் நின்றால் நல்ல பேட்டரி. 12.4-க்கு விழுந்துவிட்டால் அது ஏற்கனவே போய்க்கொண்டிருக்கிறது. எந்த வித்தையும் இரண்டு மாதத்துக்குத் தாங்காது.

அப்புறம் கழற்றுவது. முதலில் நெகட்டிவ். பாசிட்டிவைத் தொடவே வேண்டாம், பேட்டரியையும் வெளியே எடுக்க வேண்டாம். நெகட்டிவ் வயரின் முனையில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றி ஓரமாக மடக்கிவிடுங்கள். ஏன் நெகட்டிவ் முதலில் என்றால், வண்டியின் உடம்பு முழுக்க நெகட்டிவோடு சேர்ந்தது. பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் ஃபிரேமில் பட்டால் பொறி பறக்கும். நெகட்டிவைக் கழற்றிவிட்ட பிறகு ஃபிரேமில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. பேட்டரியையே எடுத்து உள்ளே வைக்கிறவர்கள் மாட்டும்போது இதையே தலைகீழாக, பாசிட்டிவை முதலில் மாட்டுங்கள். எடுத்து வைத்தால் சிமென்ட் தரையில் வைக்கக்கூடாது, சார்ஜ் இறங்கிவிடும் என்பார்கள். பிளாஸ்டிக் பெட்டிக்கு முந்தின காலத்துக் கதை அது. பலகை போட்டு வைத்தால் கெடுதலும் இல்லை; நானும் பழக்கத்தில் பலகைதான் போடுகிறேன்.

முனையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவைத்து, கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். மூடி திறக்கிற பேட்டரி வைத்திருப்பவர்கள் கோடு வரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், சார்ஜ் ஏற்றிய பிறகு. நம் மலை ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு இனித்தாலும் அதற்கு ஆகாது. ஆசிட் ஊற்றவே கூடாது. உங்களுடையது சீல் வைத்தது, நோண்டாதீர்கள்.

டிராக்கர் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். நெகட்டிவ் கழன்றதும் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு உறங்கிவிடும். இரண்டு மாதத்துக்குச் சங்கிலியும் பூட்டும் போதும். இல்லை, டிராக்கர் இருந்தே ஆக வேண்டும் என்றால், பத்து நாளுக்கு ஒருமுறை சார்ஜர் மாட்டிவிட நம்பகமான ஆள் வேண்டும். கழற்றினால் மீட்டரில் கடிகாரம் பூஜ்ஜியத்துக்குப் போகும், வேறொன்றும் ஆகாது.

லித்தியம் பேட்டரி போட்டவர்களுக்கு இரண்டே வரி: அதற்கென்று உள்ள சார்ஜர் வேண்டும், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது. மேலே சொன்ன வோல்ட் கணக்கெல்லாம் அதற்குப் பொருந்தாது.

திரும்பி வந்த அன்றே, அலுப்போடு ராத்திரியில் வண்டியை எடுக்கப் பார்க்காதீர்கள். மறுநாள் வெயில் ஏறட்டும். வயரை மாட்டுவதற்கு முன் மீட்டர் வைத்துப் பாருங்கள், 12.5, 12.6 இருக்கும். சீட்டைக் கழற்றியதுமே எலி ஏதாவது வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், குளிர்காலத்தில் ஏர்ஃபில்டர் பெட்டி அவற்றுக்கு நல்ல வீடு. மாட்டி, சாவியைப் போட்டு, பெட்ரோல் பம்ப் 'உய்ங்' என்று ஓடி நிற்கிறவரை பொறுத்து, பிறகு செல்ஃபை அமுக்குங்கள். ஐந்து வினாடிக்கு மேல் வேண்டாம். கிளம்பாவிட்டால் அரை நிமிடம் விட்டு மறுபடி. அப்படியும் இழுக்கவில்லை என்றால் நம் ஊர் வழக்கப்படி இறக்கத்தில் உருட்டி இரண்டாவது கியரில் கிளட்சை விட்டுப் பார்க்கலாம். ஆனால் இன்ஜெக்ஷன் வண்டியில் பம்ப் ஓடுகிற அளவுக்காவது பேட்டரியில் உயிர் இருந்தால்தான் அது பலிக்கும். சுத்தமாகக் காலி என்றால் தலைகுந்தா வரை உருட்டினாலும் கிளம்பாது, திரும்ப ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு வருவதுதான் நடக்கும்.

கிளம்பியதும் அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு வாருங்கள். கழற்றும் அன்றைக்கு எத்தனை வோல்ட், பிப்ரவரியில் மாட்டும் அன்றைக்கு எத்தனை வோல்ட் என்று குறித்துவைத்து எனக்கும் எழுதுங்கள். ஊட்டிக் குளிரில் நின்ற 8 ஏ.எச். பேட்டரியின் கணக்கு என்னிடம் இல்லை.